வெற்றிலைக் கறை என்றார்கள்

"அக்கா காலம்பற பரமபதிச்சுட்டா." புத்தூர் ஆய்வுக்கூடத்து வாசலில் சைக்கிளை நிறுத்தி டாக்டர் கோமளவல்லியின் தம்பி சொன்னபோது, நான் அவருடைய மைக்ராஸ்கோப்பில்தான் குனிந்திருந்தேன். மாரடைப்பாம். அவரோடு வேலை செய்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

வாய்ப்புற்றைக் கட்டியாகும் முன்பே பிடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவி, டி.என்.ஏ.வில் மட்டும் ஏறும் சிவப்புச் சாயம் ஊற்றி, எண்ணெய்த் துளி லென்ஸில் படம் எடுப்பார். நல்ல செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. சீராகப் பரவியிருக்கும், புற்று பிடித்ததில் திட்டுத்திட்டாகத் திரண்டு கிடக்கும். எச்சில் என்று வீட்டில் அந்தக் கண்ணாடிகளைப் படி தாண்ட விடவில்லை. "இதுவும் பெருமாள் படைச்சதுதானே," என்பார்.

ஜீயபுரத்து வாழை விவசாயி ஒருவர் வாயில் வெள்ளைப் படையோடு வந்தார். அவர் படத்தில் திரட்சிகள் தெளிவாகத் தெரிந்தன. தலைமை மருத்துவர் ஒரு பார்வையோடு சரி. "வெத்தலைச் சாறும் சிவப்பு, உங்க சாயமும் சிவப்பு. கறையைப் படம் புடிச்சுட்டு வந்திருக்கீங்கம்மா." படத்தின் மேலேயே 'வெற்றிலைக் கறை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். விவசாயியிடம் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கணவர் போன நாளிலிருந்து வெற்றிலை தொடாத கோமளவல்லி, எங்கள் எல்லார் முன்னாலும் சுண்ணாம்பு தடவி மென்றார். நர்சுகள் தலை குனிந்துகொண்டார்கள். பிறகு தன் கன்னத்தைத் தானே சுரண்டினார். கறை செல்லைச் சுற்றித்தான் நின்றது. உட்கரு சீராக இருந்தது. "கறை உள்ள போகாது சார். நீங்களே பாருங்க." தலைமை மருத்துவர் பார்க்கவில்லை. விதவை வெற்றிலை போட்ட சேதி மட்டும், கோமளவல்லி ஏறிய பஸ்ஸுக்கு முன்பே ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது.

வாழைத்தார் வெட்டி முடித்து விவசாயி திரும்பி வந்தார், கன்னத்தில் ஓட்டையோடு. "அப்பவே சொல்லியிருந்தா அறுத்துப் போட்டிருக்கலாமேம்மா," என்றார். கோமளவல்லி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு அந்த மனிதர் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அதே தலைமை மருத்துவர், "இந்த அம்மா தெறமையை மொதல்ல கண்டுகிட்டது நான்தான்," என்று கண்ணைத் துடைத்தார். சுவரில் மாட்ட கோமளவல்லி எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று நேற்று ஆள் அனுப்பினார்.

விவசாயியின் படத்தையே கொடுத்தனுப்பினேன், தலைமை மருத்துவரின் கையெழுத்தோடு. மாட்டட்டும்.

நான் வைத்துக்கொண்டது, வெற்றிலை மென்ற அன்று கோமளவல்லி தன் கன்னத்திலிருந்து எடுத்த கண்ணாடி. இன்று காலையும் பார்த்தேன். சுற்றிலும் கறை அப்படியே இருக்கிறது. உட்கருவும் அப்படியே இருக்கிறது, சீராக.