படகில் இரண்டு தடவை சொன்னேன்

அம்மனை நம்பி வாழும் எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு எழுபத்துமூன்று வயது. சுருவில் என்ற தீவுக் கிராமத்தில் இருக்கிறேன். முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

சென்ற வருடம் வைகாசியில் என் மனைவி இறந்தாள். நாற்பத்தாறு வருடம் ஒன்றாக இருந்தோம். நான் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் இருக்க நூற்றிருபது கதிரை வாடகைக்கு எடுப்பித்தோம். திரும்பிப் போனவை நூற்றுப்பதினெட்டு. அந்த இரண்டு கதிரையைத் தேடித்தான் அன்று பின்னேரம் அலைந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டேன். எதையும் எண்ண முடிந்தது. எதுவும் உள்ளே போகவில்லை.

அந்தியேட்டி கழிந்து பன்னிரண்டாம் நாள், நான் படிப்பித்த எங்கள் கல்லூரி மைதானத்தில் பெண் பிள்ளைகளின் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. எதிரணி, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி. வருடத்துக்கு ஒரு தடவை அவர்களோடு மோதுவோம். ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். மேசையில் இருந்து புள்ளி எழுதுவது நான். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கதிரையை நான் விடவில்லை. "மாஸ்ரர் எண்ணினால் பிழை வராது" என்று எதிரணிக்காரரே சொல்லுவார்கள்.

கூடைப்பந்தில் ஒருவர் ஐந்து பவுல், அதாவது விதிமீறல், செய்தால் வெளியே போய்விட வேண்டும். பவுல் செய்தவரின் சட்டை இலக்கத்தை நடுவர் மேசைக்குக் கையால் காட்டுவார். நான்கு விரல் என்றால் நான்காம் இலக்கம். மற்றக் கையை முட்டியாகப் பொத்திக்கொண்டு நான்கு விரல் காட்டினால் பதினான்கு. முட்டியையும் பார்க்க வேண்டும்.

கடைசி ஆறு நிமிடம். நாங்கள் நான்கு புள்ளி முன்னுக்கு நின்றோம். விசில் ஊதியபோது நான் என் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எப்போதும் மனைவிதான் நிரப்பித் தருவாள். அன்று நானே நிரப்பினேன், அரைவாசிதான் நிரப்பியிருந்தேன். நிமிர்ந்தபோது நான்கு விரல் தெரிந்தது. நான்காம் இலக்கத்துக்கு எழுதினேன். அது ஐந்தாவது பவுல். ஐந்து என்று எழுதிய அட்டையை உயர்த்தினேன்.

நான்காம் இலக்கம் தர்சிகா. அணித் தலைவி. எங்கள் புள்ளிகளில் பாதி அவளுடையது. அவள் மேசைக்கு ஓடி வந்தாள்.

"சேர், எனக்கு நாலுதான்."

"அஞ்சு, பிள்ளை. வெளியிலை போம்."

அவள் பயிற்சி ரீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். ரீச்சர் சொன்னார்: "மாஸ்ரர் எழுதினால் சரியாத்தான் இருக்கும். வா."

ஒரு புள்ளியால் தோற்றோம்.

அதன்பிறகு அவளுக்குப் பெயர் "அஞ்சு" ஆகிவிட்டது. "எடி அஞ்சு, இண்டைக்கு எத்தினை இடியப்பம் சாப்பிட்டனி? எண்ணத் தெரியுமோ?" என்று கூட விளையாடிய பிள்ளைகளே கேட்பார்கள். என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இரண்டு மாதத்தில் அவள் அணியை விட்டு விலகினாள். இன்னும் மூன்று பேர் விலகினார்கள். மிஞ்சியது ஏழு பேர். அந்த வருடம் எட்டுப் போட்டி, எட்டும் தோல்வி.

இந்த வருடம் மாசியில், கனடாவில் இருக்கும் என் மகன் அந்தப் போட்டியின் வீடியோவை எனக்கு அனுப்பினான். பழைய மாணவர் யாரோ கைத்தொலைபேசியில் எடுத்தது. "அம்மா போனாப் பிறகு நீங்கள் வெளியிலை வந்த முதல் நாள் அப்பா. உங்களைப் பாருங்கோ" என்று எழுதியிருந்தான். பார்த்தேன். பழக்கம் விடவில்லை, பவுல்களை எண்ணினேன். தர்சிகாவுக்கு நான்கு. ஏழு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். ஏழு தடவையும் நான்கு. நடுவரின் மற்றக் கை முட்டியாகப் பொத்தியிருந்தது, பதினான்காம் இலக்கம். ஏழு தடவையும் பொத்தித்தான் இருந்தது.

நான் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதம் சொல்லவில்லை. வெட்கமா என்றால் வெட்கம்கூட ஒழுங்காக வரவில்லை. மரத்துப்போன காலில் முள் ஏறினால் எப்படியோ அப்படித்தான் இருந்தது. குத்தியது தெரியும், நோவு தெரியாது.

சித்திரையில் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். பதினொரு வெள்ளி வருவேன். இரண்டு காரியம் தா. ஒன்று, அந்தப் பிள்ளை திரும்ப விளையாட வேண்டும். இரண்டு, என் பிழை வெளியே தெரியக்கூடாது.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று ஒரு கணித ஆசிரியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

வெள்ளிதோறும் பஸ்ஸில் குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகு ஏறினேன். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவேன். அர்ச்சனை செய்வேன். தேங்காய் உடைப்பேன். கற்பூரம் எரியும்போதும் உள்ளே ஒன்றும் அசையாது. ஏழு வெள்ளி அப்படியே போனது.

எட்டாவது வெள்ளி. காற்று. படகு ஆடியது. எல்லோரையும் கீழ்த்தட்டில் இருத்தினார்கள். ஐம்பத்தெட்டுப் பேர். என் முழங்காலுக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில், தர்சிகாவும் தாயும் இருந்தார்கள். பிள்ளை மெலிந்துபோயிருந்தாள். நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்ரர், நல்ல வேளை உங்களைக் கண்டது" என்றார் தாய். "இவளுக்காகத்தான் அம்மனிட்டைப் போறன். இப்ப பள்ளிக்கூடமும் போகமாட்டன் எண்டு நிக்கிறாள். கடைசி வருசம், சோதினை வருது. அந்த விளையாட்டாலை வந்த வினை. நீங்கள் சொன்னால் கேப்பாள். பிழை எல்லாரும் விடுறதுதானே எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

வாயைத் திறந்தேன். நல்ல புத்தி சொல்ல முப்பத்தாறு வருடப் பழக்கம் இருக்கிறது. ஆனால் வந்தது வேறு.

"பிழை விட்டது நான்."

"என்ன மாஸ்ரர்? இஞ்சின் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லை."

அந்த இடத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பியிருக்கலாம். அம்மனைத் தவிர ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் கத்தினேன்.

"பிழை விட்டது நான்! இவளுக்கு நாலு பவுல்தான்! நான்தான் அஞ்செண்டு எழுதினனான்!"

கீழ்த்தட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. தாய் வாயில் கையை வைத்தார். தர்சிகா நிமிர்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்குத் தெரியும் சேர், நாலெண்டு. வெளியிலை இருந்தும் எண்ணிப் பாத்தனான். நாலுதான் வந்தது. நீங்கள் சொன்னபடியால் நான் என்னையே நம்பேல்லை. ஒரு வருசம் சேர்."

"ஓம், பிள்ளை."

"இதை எல்லாருக்கும் சொல்லவேணும்."

பக்கத்தில் வாழைக்குலையை மடியில் வைத்திருந்த ஒருவர், "இனி ஆருக்குப் பிள்ளை சொல்லுறது? நெடுந்தீவு வரைக்கும் கேட்டிருக்கும்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இஞ்சை இல்லை. பள்ளிக்கூடத்திலை."

அன்று சந்நிதியில் நின்றபோது வேண்டுதலைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது வேண்டுதல் கடலிலேயே போய்விட்டது.

திங்கட்கிழமை பயிற்சி நேரத்தில் ஏழு பிள்ளைகளுக்கும் ரீச்சருக்கும் அதிபருக்கும் முன்னால் சொன்னேன். தர்சிகாவும் தாயோடு வந்து நின்றாள். வீடியோவைக் காட்டினேன். முடிவை இனி மாற்ற ஏலாது என்றார் அதிபர். தெரியும் என்றேன். பதினான்காம் இலக்கப் பிள்ளை, வினோஜா, அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அது என்ர பவுல் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் சேர். நீங்கள் எழுதேல்லை எண்டவுடனை, நான்தான் பிழையா நினைச்சிட்டன் எண்டு விட்டிட்டன்."

என் எண்ணிக்கையை நம்பி எத்தனை பேர் தங்கள் கண்ணை நம்பாமல் விட்டார்கள் என்று அன்று எண்ணினேன். மூன்று பேர் வரை வந்தது. அதற்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது. புள்ளி எழுதும் பேனையை ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை. அது நோகும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் நொந்தது. நொந்ததே எனக்குப் புதினமாக இருந்தது.

தர்சிகா அடுத்த நாள் பயிற்சிக்கு வந்தாள்.

பதினோராவது வெள்ளி கழிந்து மறுநாள் போட்டி. அதே எதிரணி. நான் வேலி ஓரத்தில் நின்றேன். அவர்களின் ஆதரவாளர்கள் தொடக்கத்திலேயே, "அங்கை பார், அஞ்சு வந்திட்டுது!" என்று கூவினார்கள். எங்கள் பக்கத்தில் இருந்து வினோஜா கத்தினாள்: "நாலு! நாலுதான்! வேணுமெண்டால் வீடியோ அனுப்பிறம்!"

கடைசி ஏழு நிமிடம் இருக்கும்போது தர்சிகாவுக்கு நான்காவது பவுல். மேசையில் நான்கு என்ற அட்டை உயர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் கையை உயர்த்தி நான்கு விரலை எல்லோருக்கும் காட்டினாள். பிறகு விளையாடப் போனாள்.

இன்னும் ஒன்று விழுந்தால் போய்விடுவாளே என்று பயந்தேன். மனைவி இறந்த நாளில் இருந்து எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லி அழைத்தேன். தர்சிகாவின் பெயரை அல்ல. என் மனைவியின் பெயரை. அப்போதுதான் அழுதேன்.

விசில் ஊதியது. தர்சிகா வியர்வையோடு வேலிக்கு வந்தாள்.

"எத்தினை பிள்ளை?" என்று கேட்டேன்.

"நீங்கள் எண்ணேல்லையோ சேர்?"

"இல்லை."

அவள் முதல்தரம் சிரித்தாள். "நாப்பத்தொண்டுக்கு முப்பத்தெட்டு. தோத்திட்டம். ஆனால் கடைசி விசில் வரைக்கும் உள்ளுக்கு நிண்டனான்."

வெற்றியை நான் அம்மனிடம் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். இரண்டு கேட்டேன். ஒன்றை மறுத்தாள். மறுத்தபடியால்தான் மற்றது கிடைத்தது. பன்னிரண்டாவது வெள்ளி, நேர்த்தியில் இல்லாத வெள்ளி, சும்மா போய்க் கும்பிட்டு வந்தேன். அன்று படகில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் தந்த பொங்கலில் சர்க்கரை சற்றுக் கூடிப்போயிருந்தது.

உங்களுக்கும் மறுக்கப்பட்ட வேண்டுதல் ஒன்று இருக்கும். அதற்காக அவளோடு கோபிக்காதீர்கள். அடுத்த தடவை படகில் ஏறும்போது முன்னால் யார் இருக்கிறார் என்று பாருங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். இஞ்சின் சத்தத்தில் கேட்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.