அழகான கையெழுத்தில் ஒரு மாற்றுச் சான்றிதழ்

வழக்கொழிந்த படிவங்களில் குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் அவை அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இதுதான் விதி. எனக்கு அது மனப்பாடம். விதி தெரியாமல் தப்பு செய்கிறவர்களை மன்னிக்கலாம். நான் அந்த வகை இல்லை.

1990 பிப்ரவரி. வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளர். பழைய மாவட்டத்தின் பெயர் அச்சடித்த மாற்றுச் சான்றிதழ் படிவங்கள் ஒரு கட்டு, பயனற்றுப் போய் என் மேசையில் கிடந்தன. கோடு போட நேரம் ஒதுக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் பிரிவு உபசார விழாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தாள். செங்கம் சாலையில் ஏழெட்டு மைல் தள்ளி ஒரு கிராமம். அப்பாவுக்கு மானாவாரி நிலம், மணிலாக்கடலை போடுவார். பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவளுடையது.

"சார், அந்தப் பழைய பாரம் எப்படியும் குப்பைக்குத்தானே போவுது? ஆளுக்கு ஒண்ணு டி.சி. எழுதிப் படிக்கலாம்னு இருக்கோம்."

"எதுக்கு?"

"சும்மா, சிரிக்க சார்."

கட்டோடு கொடுத்தேன். மறுநாள் எழுதி முடித்துக் கொண்டுவந்தாள். முத்திரை இல்லாமல் மொட்டையாக இருக்கிறது என்றாள். மை ஒற்றி எல்லாவற்றிலும் நானே முத்திரை குத்தினேன். தலைமை ஆசிரியை கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அந்த அம்மாவின் கையெழுத்தை அவள் அப்படியே போட்டிருந்தாள். நான் பதினொரு வருடம் தினமும் பார்த்த கையெழுத்து. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

விழா மதியம் மாமரத்தடியில் நடந்தது. ஒவ்வொருத்தியையும் எழுப்பி அவளுடைய சான்றிதழைப் படித்தார்கள். ஒருத்தி பள்ளியை விட்டு விலகும் காரணம்: கணக்கு டீச்சர். இன்னொருத்தியின் அங்க அடையாளம்: வேதியியல் ஆய்வுக்கூடத்தில் புருவம் பாதி எரிந்தது. நெய்ப் பண்டம் கொண்டுவந்து யாருக்கும் தராதவளுக்கு, 'உதவித்தொகை பெற்றவரா' என்ற பத்தியில் 'பெறுவார், தரமாட்டார்'. தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் அவளுடையது. தன்னைப் பற்றித் தானே எழுதியிருந்தாள். வருகை: பௌர்ணமி நீங்கலாக எல்லா நாளும். பௌர்ணமிதோறும் அவளும் அம்மாவும் கிரிவலப் பாதையில் மோர் விற்பார்கள்; பள்ளிக்கே தெரியும். நடத்தை: எவர் கையெழுத்தையும் போட வல்லவர். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு வருடமாக அந்த வகுப்பின் விடுப்புக் கடிதங்களை எழுதி, அப்பாக்களின் கையெழுத்தைப் போட்டது அவள்தான். வகுப்பாசிரியைக்கும் தெரியும். எல்லார் வீட்டுக் காய்ச்சலும் ஒரே கையெழுத்தில் வருகிறதே என்பார்.

தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். எல்லாருக்கும் போல அவளுக்கும் உண்மையான மாற்றுச் சான்றிதழ் கொடுத்தோம். அதை எழுதியது நான். என் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும்.

வேறு மாவட்டத்தில் இருந்த ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அவள் விண்ணப்பம் பூர்த்தி செய்திருந்தாள். அசல் சான்றிதழ்களையும் வைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கடைசி நாள் நெருங்கியபோது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்திருக்கக் கூடாது. அப்பா டவுனுக்கு வந்து தானே பதிவுத் தபாலில் அனுப்பினார். பெட்டியில் ஒரே நிறத்தில், ஒரே முத்திரையுடன் இரண்டு தாள்கள் இருந்தன. அவருக்குப் படிக்கத் தெரியாது.

இதை அவரே பிறகு அலுவலகத்தில் நின்று சொன்னார். "ஒண்ணு கிறுக்கலா இருந்துது. ஒண்ணு முத்து முத்தா இருந்துது. நல்லாருக்கறத வெப்போம்னு வெச்சேன் சார்."

பயிற்சிப் பள்ளிக்காரர்கள் சிரிக்கவில்லை. போலிச் சான்றிதழ் என்று சேர்க்கையை நிறுத்தினார்கள். நடத்தைப் பத்தியில் இருந்த வரி அவர்களுக்கு ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிந்திருக்க வேண்டும். அசல் மதிப்பெண் சான்றிதழையும் விசாரணைக் கோப்பில் சேர்த்துவிட்டு, படிவமும் முத்திரையும் எப்படி வெளியே வந்தன என்று எங்கள் பள்ளிக்கு எழுதிக் கேட்டார்கள்.

தலைமை ஆசிரியை அந்த மே மாதம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு மாமரத்தடி தெரியாது. பதில் வரைவு எழுத வேண்டியவன் நான். எனக்கு உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. இப்படி எழுதினேன்: 'பார்வையில் காணும் சான்றிதழ் இவ்வலுவலகத்தால் வழங்கப்பட்டதன்று. படிவம் எவ்வாறு வெளிச்சென்றது என்பது தெரியவரவில்லை.' முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதில் யாருக்குத் தெரியவரவில்லை என்பதை விட்டுவிட்டால் யார் சொன்ன பொய் என்று தெரியாது. அலுவலகத் தமிழ் அதற்காகவே வளர்ந்தது.

அப்பாவும் மகளும் வந்தார்கள். அவள் முகத்தில் அம்மைத் தழும்பு ஆறியிருக்கவில்லை.

"நீங்க குடுத்த பாரம்தானே சார். நீங்கதானே சீல் போட்டீங்க."

"நடந்ததை எழுதிக் குடும்மா. மேலே அனுப்பறேன்."

"நான் எழுதினா, அதுவும் என் கையெழுத்துதானேன்னு சொல்லுவாங்க சார். நீங்க எழுதுங்க."

"பாக்கறேன்மா" என்றேன். அப்பா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மதிப்பெண் சான்றிதழ் இல்லாமல் அவளால் வேறு எங்கும் சேர முடியவில்லை. நகல் கேட்டு விண்ணப்பித்தாள். அசல் தொலைந்தால்தான் நகல். இங்கே அசல் தொலையவில்லை, கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்தது. விதிப்படி அது சரி.

எனக்குப் பதவி உயர்வு வந்து, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். உண்மையை எழுத நான்கு வருடம் ஆயிற்று. துணிச்சல் வந்து எழுதவில்லை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் உறவினருக்கு அறை கேட்கப் போனபோது, பதிவேட்டில் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட் எண்களை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அதே முத்து முத்தான எழுத்து. "வாங்க சார்" என்று நாற்காலி போட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. அன்று மாலையே மேலதிகாரிக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் எழுதினேன்: படிவம் கொடுத்தவன் நான், முத்திரை குத்தியவன் நான், முந்தைய பதிலை வரைந்தவனும் நான்.

எனக்கான குறிப்பாணை பத்து நாளில் வந்தது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். குறைவான தண்டனை. அவளுடைய சான்றிதழைப் பற்றி மட்டும் பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒன்று. அந்தப் பயிற்சிப் பள்ளி இடையில் மூடப்பட்டுக் கோப்புகள் வேறிடம் போயின. போன இடத்தைக் கேட்டு எழுதினேன். அவள் அப்பா செத்துப்போனார். சாவுக்குப் போனேன்.

ஒருநாள் தபாலில் பழுப்பு உறை வந்தது. 'விசாரணையில் மாணவி மீது குற்றம் ஏதும் இல்லை எனக் கண்டு, அசல் சான்றிதழ் இத்துடன் திருப்பப்படுகிறது.' சான்றிதழின் மூலையில் கோப்புக் கயிறு கோத்த ஓட்டையைச் சுற்றித் துருக்கறை படிந்திருந்தது. பயிற்சியில் சேரும் வயது வரம்பை அவள் தாண்டிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதையும் நான் கணக்குப் பார்த்தேன்.

அன்றே விடுதிக்குப் போய்க் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் மார்க்கே மறந்துபோச்சு சார். பரவால்ல, நல்லாத்தான் எடுத்திருக்கேன்."

அசலைத் திருப்பித் தந்தால் ஒப்புகை வாங்க வேண்டும். எழுதிக் கொண்டுபோயிருந்த தாளை நீட்டினேன். பேனாவை எடுத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் கையெழுத்து போடட்டும் சார்?"

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. பிறகு தன் பெயரை நிதானமாக எழுதி, அதன் கீழே தேதியும் போட்டாள். 9 ஜூன் 2003.