நிலைவாசலில் மாட்டிய மேசை

கொழும்பில் ஓர் இத்தாலிக்காரர் வீட்டில் சமையற்கட்டு வேலை பார்த்தேன். பளிங்கு வியாபாரி. முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, இவர்கள் இன்னும் குடியேறவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தனை காலி. சுண்ணாம்புச் சுவரில் ஒரே ஒரு படம். சன்னலுக்கு எதிரே பெரிய கண்ணாடி. வெளியே இருக்கிற வெளிச்சத்தை அது வாங்கி அறைக்குள் கொட்டும். புதுச் சாமான்களுக்கு நடுவில் அவருடைய பாட்டன் காலத்துப் பெட்டி ஒன்று, கீறலும் வடுவுமாக, மிராசுதார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் நடுவே நீண்ட மேசை. அந்த வீட்டு அம்மாள் அதில் வெள்ளைத் துணி விரித்து, வெள்ளைப் பூ வைத்து, இரண்டு மெழுகுதிரி ஏற்றுவார். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், விருந்தாளி எல்லாரும் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். எங்கள் வீட்டில் ஆண்கள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவோம். அம்மா இறந்ததிலிருந்து அடுப்படியில் நின்ற என் தங்கச்சி, கடைசியாக என்ன தின்றாள் என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

இலங்கைக்குப் போய்வர பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி ஆனதும் நான் இந்தியக் கரையோரத்து எங்கள் தீவுக்கே திரும்பிவிட்டேன். வந்து பார்த்தால் அய்யாவுக்கு மூச்சு இளைப்பு முற்றியிருந்தது. கடலுக்குப் போவதை விட்டிருந்தார். தங்கச்சியைக் கேட்டு இரண்டு இடம் வந்து, இரண்டும் தட்டிப்போயிருந்தன. அவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்பதைத் தவிர அய்யாவிடம் வேறு பேச்சே இல்லை. அப்போதுதான் தொண்டிப் பக்கத்திலிருந்து மூன்றாவது இடம் வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தப்பா மூவரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இதுவும் தட்டிப்போனால்? பயம் வந்தால் சிலர் ஜெபம் சொல்வார்கள். நான் வீட்டைச் சோடிப்பேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வலைமூட்டை, டிரங்குப் பெட்டி, பாய், பானை எல்லாவற்றையும் தூக்கி முற்றத்துப் பனையடியில் குவித்தேன். கரையில் உடைந்துகிடந்த அய்யாவின் வள்ளத்துப் பலகைகளை இழைத்து, வீட்டுக்குள்ளேயே வைத்துத் தச்சர் மேசை ஒன்று அடித்துக் கொடுத்தார். பழையதும் புதியதும் கலந்திருக்க வேண்டும் அல்லவா? அசல் இத்தாலி. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அந்த நீளம். வெள்ளைத் துணி, வெள்ளை அரளி, பட்டப்பகலில் இரண்டு மெழுகுதிரி.

எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டுக்கு நடுவே இப்படி வெள்ளை விரித்து மெழுகுதிரி எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாமான்களை முற்றத்தில் தள்ளுவதும் சாவு விழுந்த அன்றைக்குத்தான். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், கொழும்பு ரிட்டர்னைத் தவிர.

அவர்கள் முற்றத்துக்கு வந்தார்கள். சாமான் குவியலைப் பார்த்தார்கள், வாசல்வழியே மேசையைப் பார்த்தார்கள். ஆண்கள் இருவரும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். சித்தப்பா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். சோடனையை மெச்சுகிறார் என்று எண்ணி நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் நினைத்தாராம், பிறகு சொன்னார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பனையடியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

உள்ளறையில் அய்யா இருமினார்.

அழுகை பாதியில் நின்றது. உயிரோடு இருக்கிறவருக்கு, அதுவும் பெண் பார்க்க வந்த இடத்தில், ஒப்பாரி வைத்தாயிற்று. அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இனி இந்த நிலைப்படியை மிதிக்கமாட்டேன் என்று மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசையை ஒளிக்கப் பார்த்தேன். மெழுகுதிரியை ஊதிவிட்டு, ஒரு முனையைப் பிடித்து வாசல்வழியே தள்ளினேன். வள்ளத்துப் பலகை நுனியில் ஒடுங்கி நடுவில் அகன்றிருக்கும். பாதி வெளியே போனதும் நிலையில் இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வெளியே இருப்பவர்கள் உள்ளே வரவும் வழியில்லை. நான் அடியில் புகுந்து முட்டிக்கொண்டிருந்தபோது அய்யாவின் கால்கள் தெரிந்தன. சுவரைப் பிடித்து வந்து, மேசையின் உள்முனையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏலே, வெளிய வா. எனக்குப் போட்ட கட்டில்னு நெனச்சுட்டாக போல. நான் இன்னும் படுக்கல. சோத்தைப் போடச் சொல்லு."

தங்கச்சி கொல்லைவழியாகச் சோற்றுப் பானையையும் மீன்குழம்பையும் கொண்டுபோய் மேசையின் வெளிமுனையில் வைத்தாள். இலை போட்டாள். பிறகு பனையடிக்குப் போய் அந்த அம்மாவின் முன்னால் நின்றாள்.

"மாமி, அழுததை நெனச்சு வெசனப்படாதீக. எங்கம்மா செத்தப்ப நீங்க வரல. அப்ப நமக்குள்ள பழக்கமில்ல. அந்தக் கேதத்துக்கு இன்னைக்கு அழுதுட்டீகன்னு நான் வச்சுக்கிறேன்."

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளிமுனையில் வந்து உட்கார்ந்தார். பெட்டியையும் வலைமூட்டையையும் இழுத்துப்போட்டு ஆண்களும் உட்கார்ந்தார்கள். பரிமாற நின்றவளை, அந்த அம்மா கையைப் பிடித்து மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார வைத்தார். நிலைப்படியை அவர் மிதிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரே மேசையில் தங்கச்சியும் அவர்களும் வெளியிலும், அய்யாவும் நானும் உள்ளேயுமாகச் சாப்பிட்டோம்.

"குழம்புல புளி கம்மியா இருக்கு," என்றார் அந்த அம்மா. "எங்க வீட்ல கூடுதலாப் போடணும். வந்து பழகிக்க, தாயி."

அய்யா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். இளைப்பு வந்துவிட்டதென்று பதறி முதுகைத் தடவினேன். இளைப்பு இல்லை. அழுதுகொண்டிருந்தார்.