ஒரே தாளில் அடங்கிய ஆட்டம்

சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு ஒரு கூரியர் வந்தது. கொண்டுவந்தவர் அதை வாசலில் இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ன மேடம், கிரைண்டரா?" என்றார்.

கிரைண்டர் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் அனுப்பிய விளையாட்டு. கெட்டி அட்டை போட்ட மூன்று தடிப் புத்தகங்கள், மடித்து வைத்த வரைபடம், விதவிதமான வடிவத்தில் பகடைகள்.

போன் செய்தேன். "நீதானேம்மா எப்பப் பார்த்தாலும் ஹாஸ்டல்ல ஏதோ கேம் ஆடுனோம், கேம் ஆடுனோம்னு சொல்லுவே? அதான் நல்லதா ஒண்ணு வாங்கினேன்."

நல்லதா ஒன்று! என்னத்தைச் சொல்ல?

இந்த ரோல் பிளேயிங் கேம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி மூன்று நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இப்படிச் செய்கிறேன்" என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவது. அவ்வளவுதான். சின்ன வயதில் அப்பா-அம்மா விளையாட்டு ஆடினோமே... அதன் பெரிய அக்கா.

இதற்கு மூன்று புத்தகம் எதற்கு? புரட்டிப் பார்த்தேன். நீந்துவதற்கு மட்டும் இரண்டு பக்க விதிகள். பூட்டிய கதவைத் திறக்க ஒரு அட்டவணை. மகளிடம் சொல்லவில்லை, ஆனால் உங்களிடம் சொல்லலாம் - எனக்கு மலைப்பாக இருந்தது.

ஏனென்றால் நாங்கள் ஆடியது ஒரே தாளில்.

மைசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண்கள் விடுதி ஒன்றில் மூன்று பேர் ஒரே அறை. நான், உள்ளூர்க்காரி மாதிரியே கன்னடம் பேசும் ஷோபா, தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்து வந்த வசந்தா. ஷோபாவின் கசின் யாரோ கொடுத்த ஜெராக்ஸ் தாள் அது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஓரத்தில் பாதி எழுத்து கறுப்பாகியிருக்கும். அதில் இருந்த விதிகள் கொஞ்சம்தான். பகடையில் பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் வம்பு. என்ன வம்பு என்பதை உருட்டியவரே சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், விடுதிச் சாப்பாட்டை எப்படியோ உள்ளே தள்ளிவிட்டு உட்காருவோம். கதை சொல்வது எப்போதும் வசந்தாதான். அந்தத் தாளில் டிராகன் இருந்தது. வசந்தா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு கோபிநத்தம் காட்டு ஓரத்தில் ஒற்றை யானையை நிறுத்துவாள். தாளில் கோட்டை இருந்தால், இவளிடம் மில் ஓனர் பங்களா. "ஏம்புள்ள, ஆனை நிக்குது. ஓடறயா, இல்ல அதுகூடப் பேசறயா?" என்று அவள் கேட்டால் நிஜமாகவே வேர்க்கும். என் கையில் டீ ஆறிப்போகும்.

சினிமாவுக்குப் போகக் காசு இல்லாத நாட்கள் அவை. ஆனால், காசு வந்த பிறகு பார்த்த எந்த சினிமாவும் எனக்கு அந்த அளவு வேர்வை கொடுக்கவில்லை.

அப்புறம் கல்யாணம், குழந்தை, லோன்... அந்தத் தாள் எங்கே போனதோ. மூன்று பேரும் மைசூரிலேயே இருந்தும், சந்தித்தது என்னவோ கல்யாண மண்டபங்களில்தான்.

போன மழைக்காலத்தில் வசந்தாவுக்குப் பக்கவாதம் வந்தது.

உயிர் பிழைத்தாள். வலது கை விளங்காமல் போனது. நடை மெல்லத் திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. சொல் மட்டும் வெளியே வர மறுக்கிறது. பேச்சுப் பயிற்சி தரும் பெண், "விடாம பேசணும். நேரம் ஆகும்" என்றாராம். கொஞ்ச நாள் போனாள். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

அவள் கணவர் நாகராஜ் என்னிடம் போனில் அழாத குறை. "யார் வந்தாலும் உள்ரூமுக்குப் போயிடறா கீதாக்கா. எங்கிட்டகூட ஒரு வார்த்தை இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒருக்கா வாங்களேன்."

ஒரு சனிக்கிழமை காலை ஷோபாவும் நானும் போனோம். நான் அந்த மூன்று தடிப் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு போனேன். பழைய ஞாபகம் வந்தால் வசந்தா சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை.

முதலில் நடந்தது என்ன தெரியுமா? ஷோபாவும் நானும் மாற்றி மாற்றிப் பேசினோம். வெயில், பிள்ளைகள், விஜயநகரில் புதிதாகத் தோண்டிப்போட்ட ரோடு. வசந்தா ஏதோ சொல்ல வாயெடுப்பாள். "தண்ணியா? காபியா? ஃபேன் போடணுமா?" என்று ஷோபா பாய்வாள். வசந்தா வாயை மூடிக்கொள்வாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை.

சரி, ஆடலாம் என்று புத்தகத்தைப் பிரித்தேன். முதலில் பாத்திரத்தை உருவாக்க வேண்டுமாம். பலம் எவ்வளவு, அறிவு எவ்வளவு, எந்தக் குலம், என்ன ஆயுதம்... பொடி எழுத்தில் ஒரு படிவம். நான் படித்துப் படித்துச் சொல்ல, வசந்தா அந்தப் பக்கத்தையே பார்த்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு எழுத்தும் அவளுக்கு ஓடவில்லை என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் ஓரம் நனைந்திருந்தது.

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

ஷோபாதான் காப்பாற்றினாள். "இது பேடாடி கீதா, வேண்டவே வேண்டாம். நம்ம பழைய ஆட்டமே ஆடலாம். தாள் எதுக்கு? ரூல்ஸ் எல்லாம் மண்டையிலேயே இருக்கே!"

இருந்தது. அத்தனை வருஷம் கழித்தும் ஒரு விதிகூட மறக்கவில்லை. நாகராஜுக்கு விளக்கிச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவரும் உட்கார்ந்துகொண்டார். கதை சொல்லும் வேலை வேறு வழியில்லாமல் என் தலையில் விழுந்தது.

"காவேரியில வெள்ளம். பரிசல்ல நீங்க மூணு பேரு. ஒரு மூட்டை ராகி, ஒரு கோழி. நடு ஆத்துல சுழல். வசந்தா, துடுப்பு உன் கையில. என்ன ஆகுது, உருட்டு."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பகடையைப் பார்த்தாள். இடது கையால் எடுத்து உருட்டினாள்.

ஒன்று! அதைவிடச் சின்ன எண் கிடையாது.

"அய்யோ, பரிசல் கவுந்து..." என்று ஷோபா ஆரம்பித்தாள்.

"சொல்ப இருங்க மேடம், கொஞ்சம் பொறுங்க!" நாகராஜ் கையை நீட்டித் தடுத்தார். "ரூல்! உருட்டினவங்கதான் சொல்லணும். நாம வாயே திறக்கக் கூடாது."

ஷோபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுக்களையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. வசந்தாவின் உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு ஏதாவது சொல்லிவிட வேண்டும் போல நாக்கு துடித்தது. ஆட்டம் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"கோ... கோழி."

நாகராஜ் உதட்டில் விரலை வைத்து எங்களைப் பார்த்தார்.

"கோழி... முட்ட."

ஷோபாவின் கண் பெரிதானது. நான் சிரிக்கப் போனேன். வசந்தா இடது கையை உயர்த்தினாள் - இரு, இன்னும் முடியவில்லை.

"முட்ட... வழுக்கி..." நிறுத்தி, மூச்சு வாங்கி, ஷோபாவை விரலால் சுட்டினாள். "இவ... தண்ணில!"

பரிசலில் கோழி முட்டை போட்டு, அதில் கால் வைத்து ஷோபா வழுக்கி, காவேரியில் விழுந்துவிட்டாள்!

அந்த வீடு அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆகியிருக்குமோ. ஷோபா சோபாவிலிருந்து நிஜமாகவே சரிந்தாள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது வசந்தாதான். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று நாகராஜ் எழுந்து போனார். திரும்பி வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். முகம் கழுவியிருந்தது.

அடுத்த வாரமே பயிற்சிக்குப் போகிறேன் என்று அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாளாம். பயிற்சி தரும் பெண்ணிடம் நாகராஜ் இந்த ஆட்டத்தைச் சொல்ல, "காத்திருக்கறதுதான் எல்லாருக்கும் கஷ்டம். நீங்க அதை விளையாட்டாவே ஆக்கிட்டீங்க. நிறுத்தாதீங்க" என்றாராம்.

நிறுத்தவில்லை. சனிக்கிழமைதோறும் ஆடுகிறோம். நானும் இப்போது ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டேன். இணையத்தில் இப்படி ஒற்றைத் தாள் ஆட்டங்கள் கொட்டிக் கிடக்கின்றன. சில இலவசம். சில, ஒரு மசால் தோசை விலை. கூடவே துணைத்தாள் என்று ஒரு பக்கம் விற்கிறார்கள் - வழியில் சந்திக்கும் ஆட்கள், வதந்திகள், திடீர் மழை, இப்படி. என் அபிப்பிராயம் கேட்டால், துணைத்தாள் பெருங்காயம் மாதிரி இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை போதும். அதையே குழம்பு என்று ஊற்றக் கூடாது.

தடிப் புத்தகங்கள் மோசம் என்று சொல்ல மாட்டேன். மகள் இதைப் படிப்பாள்! படம் எல்லாம் அருமை. நேரமும் பொறுமையும் நல்ல கண்ணும் இருப்பவர்கள் தாராளமாக ஆடட்டும். ஆனால், எல்லாவற்றுக்கும் விதி எழுதி வைத்த ஆட்டத்தில் ஆடுகிறவர் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? ஒற்றைத் தாள் சீக்கிரம் வாயை மூடிக்கொள்கிறது. அதனால் நாம் பேச வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை, நான் மாய்ந்து மாய்ந்து ஒரு பாழடைந்த பங்களாவை வர்ணித்துக்கொண்டிருந்தேன். தூண், ஒட்டடை, வௌவால்... வசந்தா இடது கையால் மேசையைத் தட்டினாள். நிறுத்தினேன். காத்திருந்தோம்.

"நீ... சொல்ற கதை... போரடிக்குது புள்ள. தள்ளு... நாஞ் சொல்றேன்."

எனக்கு வந்த விமர்சனங்களிலேயே இதற்கு மட்டும்தான் கைதட்டியிருக்கிறேன்!