ஞாயிற்றுக்கிழமைக் கடைக்காரர்

ஊதுபத்தியை லட்சுமி படத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்த சுற்றைப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் நோர்வேப் பிரதமருக்குக் கொடுப்பார் சோதிலிங்கம். தலைநகரின் புறநகரான பியோர்ண்டாலில் மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்காயும் விற்கிற அவருடைய சின்னக் கடையில், காசுப்பெட்டிக்கு மேலே இருவருக்கும் சரியாசனம். பூ மட்டும் லட்சுமிக்குத்தான். உயிரோடு இருப்பவரின் படத்துக்குப் பூ வைத்தால் ஆளின் கதை முடிந்ததென்று அர்த்தமாகிவிடுமே!

பிரதமரைச் சோதிலிங்கம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. அவருக்குப் பிரதமர் "அக்கா". "அக்கா வரியைக் குறைச்சுப்போட்டா. உழைக்கிறவன்ரை கஷ்டம் தெரிஞ்ச மனிசி" என்று, மீன் வாங்க வந்தவரையும் பிடித்துவைத்துச் சொல்வார். தேர்தல் வந்தால் அக்கா கட்சியின் நீலத் தொப்பி தலையில் ஏறிவிடும். எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவி உதயகுமாரி தொழிற்சங்கத்தின் தீவிர உறுப்பினர். "உங்கடை அக்கா ஒருநாளைக்கு உங்கடை மடியிலையும் கை வைப்பா, இருந்து பாருங்கோ" என்பார், புட்டைப் பரிமாறியபடி.

வைத்தேவிட்டார். பொருளாதாரச் சீர்திருத்தத்தின் அடுத்த கட்டமாக, இனி ஞாயிறுகளில் எல்லாக் கடைகளும் திறக்கலாம் என்று அக்கா அறிவித்தார். இந்த நாட்டில் ஞாயிறென்றால் பெரிய கடைகளுக்குப் பூட்டு. குட்டிக் கடைகளுக்குத்தான் அனுமதி. மற்ற நாட்களில் ஈயோட்டினாலும், ஞாயிறு வந்தால் வீட்டில் பால் முடிந்த நோர்வேக்காரர்கூடச் சோதிலிங்கத்திடம்தான் ஓடிவருவார். அந்த ஒரு நாள் போனால் கடையே போச்சு. "அக்கா இப்பிடிச் செய்யமாட்டா" என்று வானொலியோடு வாதாடிப் பார்த்தார்.

தொழிலாளரின் ஞாயிறு ஓய்வு பறிபோகிறதென்று தொழிற்சங்கங்கள் போராட்டத்துக்கு அழைத்த ஞாயிறன்று அவருடைய கடை பூட்டிக்கிடந்தது. பாராளுமன்றத்தின் முன்னால், சிவப்புக் கொடிகளுக்கு நடுவே, நீலத் தொப்பியைக் கழற்ற மறந்தபடி நின்றார். கோஷம் கிளம்பியதும் மனிதருக்கு எங்கிருந்துதான் அப்படியொரு குரல் வந்ததோ! தேர்வடம் பிடித்தவரைப்போல முன்னுக்குப் பாய்ந்தார்.

"பலமாய்ச் சொல்லும், உதயா! அக்காவுக்குக் கேக்கவேணும்!"

உதயகுமாரிக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. "இஞ்சருங்கோ, முதல்லை தொப்பியைக் கழட்டுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

அந்தக் கூட்டத்தில்தான் எதிர்க்கட்சிப் பெண்ணொருத்தி தங்கள் சின்னமான சிவப்பு ரோசா ஒன்றைச் சோதிலிங்கத்தின் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

திங்கள் காலை வழக்கம்போல ஊதுபத்தி புகைந்தது. லட்சுமிக்கு மூன்று சுற்று. அதோடு ஊதுபத்தியைக் குத்திவைத்தார். பால் பெட்டிகளுக்கு நடுவே குளிரில் வாடாமல் வைத்திருந்த ரோசாவை எடுத்துவந்து, அக்காவின் படத்துக்கு மேலே, நட்டநடுவில் செருகினார்.