முள்ளைத் தூக்கும் கை

கையில் ஒட்டிய மாவை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே லினெட் இசைத்தட்டின் மேல் முள்ளை வைக்கிறாள். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மகள்கள் இருவரும் சமையலறை மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். ரெக்கார்டு பிளேயர் மேசைமேல் இருக்கிறது.

"கையைத் தூக்கி மேசைப் பலகையில வைங்க. செல்லோ, அந்தப் பெரிய வயலின், வந்தா உள்ளங்கைக்குத் தெரியும்."

"எனக்குக் கூசுது" என்கிறாள் ஆறு வயது ஐவி.

"அப்போ வந்துடுச்சு."

மூத்தவள் மார்த்தா பள்ளியில் ஒரு வருடம் முழுக்க வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அதிலிருந்து இருவருக்கும் படிப்பு வீட்டில்தான். வேடிக்கை என்னவென்றால், லினெட்டின் வேலையே பள்ளி வாசலில். மஞ்சள் அங்கி போட்டு, வட்டப் பலகையை நீட்டி, வண்டிகளை நிறுத்தி, ஊரார் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பாள். அவள் கை தூக்கினால் லாரியும் நிற்கும்.

"ஊரான் புள்ளைங்களையெல்லாம் உள்ள தள்ளிட்டு உன் புள்ளைங்கள வீட்ல வச்சுக்கிறியே, ஞாயமாடி?" என்று பக்கத்து வீட்டு பிரெண்டா வேலிக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"ரோட்டத் தாண்டுற வரைக்கும்தான் என் பொறுப்பு. உள்ள போனா அவங்க பாடு."

மற்றப் பாடங்களுக்குப் புத்தகம் உண்டு. இசைக்குக் கிடையாது. இசைக்குறிப்பு படிக்க அவளுக்கே தெரியாது. பழைய இசையமைப்பாளர் பர்செல் என்றால் தலையில் தலையணையை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி கூடத்தில் நடக்க வேண்டும். ஹோல்ஸ்ட் என்றால், கொம்பு ஊதும்போதெல்லாம் வாயில் ஒரு உலர்திராட்சை; தப்பாகப் போட்டால் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். எல்கருக்கு மட்டும் மழைக்கோட்டை மாட்டி மால்வர்ன் மலையில் ஏற்றிவிடுவாள். "மூச்சு வாங்குதா? இந்த ஏத்தத்தைத்தான் அவரு வயலின்ல எழுதி வச்சிருக்காரு" என்பாள். அது எவ்வளவு தூரம் நிஜமோ, மலையேறுகிற பிள்ளைகள் நம்பிவிட்டார்கள்.

இன்று மேசைமேல் சுற்றுவதும் எல்கர்தான். அவளுடைய அப்பா லென் வைத்திருந்த தட்டு. வூஸ்டரில் பஸ் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அதைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஏழு வயதில் லினெட் பக்கத்தில் நின்று குதித்து ஆடினாள். முள் வழுக்கிக் கிர்ரென்று கடைசிப் பகுதியைக் கீறிவிட்டது. அவள் அழ வாயெடுப்பதற்குள் அப்பா கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து முள்ளைத் தூக்கினார். "ம், முடிஞ்சிருச்சு. போம்மா, டீ போடு."

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் செல்லோ தனியாக இறங்கி வந்து ஓய்கிற இடத்தில் அந்தக் கை எழும். முடிஞ்சிருச்சு, டீ போடு. கீறலை மகள் இன்னொரு தடவை கேட்கக் கூடாது என்பதற்காகவே தனக்குப் பிடித்த இசையின் முடிவை முப்பது வருடம் கேட்காமலே அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார். வேறு தட்டு வாங்கலாமே என்று அவள் கேட்டபோதெல்லாம், "இதுக்கு என்ன கொறச்சல்?" என்றாராம். பிரெண்டாவிடம் இதைச் சொல்லும்போது லினெட் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ரேடியோவில் அது வந்தால் அதே இடத்தில் அணைத்துவிடுவாள். மேசைக்கு அடியில் கிடக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் முடிவு. முள்ளைத் தூக்கியதும் டீ என்று இருவரும் உருண்டு வெளியே வருவார்கள்.

அந்த வாரமே தேவாலயச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. உள்ளூர் வாத்தியக் குழு, சனிக்கிழமை மதியம், அதே எல்கர். மார்த்தா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் துளைத்தெடுத்தாள்.

"நெஜ செல்லோம்மா. ஏன் வேண்டாங்கற?"

லினெட் மாவைப் பிசையப் போய்விட்டாள். "போனா கடைசி வரைக்கும் வாசிச்சிடுவாங்களே" என்று பிரெண்டாவிடம்தான் வாய்விட்டுச் சொன்னாள். "கேட்டுட்டா அப்பா சொன்னது பொய்னு ஆயிடும்."

"பொய்தானேடி அது."

"ஆமா. ஆனா எங்கப்பா சொன்ன பொய்."

பயத்தை வெளியே சொல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது வரிசை. செல்லோ தனியாக இறங்கி வந்தது, ஓய்ந்தது. ஐவி சட்டென்று எழுந்து பலமாகக் கைதட்டினாள். மடியில் கிடந்த கோட்டை மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டாள்.

"முடிஞ்சிருச்சு. டீ குடிக்கப் போலாம்."

முன்வரிசைத் தலைகள் திரும்பின. குழு நிறுத்தவில்லை. வயலின்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கின.

"அம்மா, இன்னும் வாசிக்கிறாங்க" என்றாள் மார்த்தா மெதுவாக. "இது நம்ம வீட்டுப் பாட்டுல இல்லையே."

லினெட்டின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்திருந்தன. லாரியை நிறுத்துகிற கை, அந்தரத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அது ஐவியின் கழுத்தடிக்குப் போய், கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியது.