மூடுபனியில் கேட்ட குரல்

என் ஓரகத்தி கொழுந்து மலையில் முதன்முதலாகப் பாடிய காலையை நினைத்தால், இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. அதுவரை இலங்கையில், பூனாகலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாட்டு என்றால் நான்தான். நான் ஓரடி எடுத்துக் கொடுப்பேன். தேயிலைச் செடி நிரையில் நிற்கும் பெண்கள் திருப்பிப் பாடுவார்கள். என் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு மதுரைப் பக்கமிருந்து கப்பலேறி வந்த இவளோ, கழுத்து நரம்புகூடப் புடைக்காமல், கொழுந்தைக் கிள்ளியபடியே பாடினாள். குரல் எதிர்மலையில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் வரைக்கும் போயிற்று. மறுநாள் முதல் எல்லோரும், “சின்னவளே, நீ எடுத்து விடு” என்றார்கள்.

அவளை மிஞ்ச வேண்டுமென்று நான் கத்திக் கத்திப் பாடினேன். சில நாளில் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. எனக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்ததும் அவள்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அக்கா, தொண்டையப் போட்டு இறுக்குறீங்க. கொட்டாவி விடுறப்ப தொறக்குதுல்ல, அப்படி லேசா விடுங்க. பலமெல்லாம் இங்க இருக்கணும்” என்று என் விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். “மூச்ச இழுத்தா இது விரியணும். பாடுறப்ப ஒரேயடியா அமுங்க விடாதீங்க.”

இவளிடமா கற்றுக்கொள்வது என்று கையைத் தட்டிவிட்டேன். ஆனால் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஆளில்லாத நேரம் பார்த்து, என் கையையே விலாவில் வைத்துப் பழகினேன். தோளைத் தூக்காமல் மூச்செடுக்க வந்தது. தாடை தளர்ந்தது. ஒருநாள் நான் தள்ளாமலேயே குரல் தானாகப் புறப்பட்டுப் போயிற்று. சிரித்துவிட்டேன். அது அவள் கொடுத்தது என்ற நினைவு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவள் பிள்ளை பெற்று லயத்தில் படுத்திருந்த நாட்களில், ஒரு பிற்பகல் மூடுபனி மலையை அப்படியே விழுங்கியது. மேல்மலையில் நின்ற பெண்களுக்கு வழி தெரியவில்லை. ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம். கங்காணி போட்ட கூச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே புரியவில்லை. நான் பாதையில் நின்று பாடினேன். நிறுத்தாமல் பாடினேன். ஒவ்வொருத்தியாகக் கூடையோடு பனிக்குள்ளிருந்து வந்தார்கள். கடைசியாக வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை, சின்னவ குரல் கேட்டுச்சு” என்றாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

லயத்துக்குத் திரும்பியபோது ஓரகத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வரைக்கும் கேட்டுச்சு அக்கா.”

“யாருன்னு நெனச்ச?”

“நீங்கதான். அடி முடியிறதுக்குள்ள அவசரமா மூச்சு வாங்குறது இந்த மலையில வேற யாரு?”

என் குரலை என் குரலென்று அறிந்த ஒரே ஆள் அவள். இப்போது அவள் காதின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, எந்த அடியில் அவசரப்பட்டேன், பாடிக் காட்டு என்றேன்.